மருந்தைக் குலுக்குவது ஏன்?

‘பயன்படுத்துமுன் நன்றாகக் குலுக்கவும்’ என்னும் சொற்களை மருந்துப் புட்டிகளில் நாம் காண்கிறோம். இதன் காரணம் யாது?

சர்க்கரை நீரில் கரைந்துவிடுகிறது. சில மருந்துகளோ கரைவதில்லை. நுண்ணிய தூளாக நீரிலோ எண்ணெயிலோ கலந்து நிற்கின்றன. நேரம் செல்லச் செல்லத் தூள் அடியில் படியும். நீர்மத்தைக் கெட்டியாக்கினால் படிவது குறையும். ஆனால், மிகவும் கெட்டியானால் அது ஊசியின் வழியே செல்லாது. மருந்து செய்வோர் இவ்விரண்டுக்கும் இடையே வழி காணவேண்டும்.

பென்சிலின் மருந்தின் வரலாறு இதனை நன்கு விளக்கும். நீரில் கரைத்து ஊசியேற்றிய பென்சிலின் சில மணி நேரத்தில் உடலைவிட்டு நீங்கிவிடும். ஆதலின், அதனை அடிக்கடி ஏற்ற வேண்டியிருந்தது. 1940-களில் அமெரிக்க மருத்துவர் ரோமான்ஸ்கி அதனைக் கடலை எண்ணெயிலும் தேன்மெழுகிலும் கலந்தார். மருந்து உடலில் நெடுநேரம் நின்றது. எனினும், கலவை மிகவும் கெட்டியாக இருந்தது. சூடாக்கிய பின்னரே ஊசியில் ஏற்ற முடிந்தது.

பின்னர்த் தேன்மெழுகுக்குப் பதிலாக நூற்றுக்கு 2 பங்கு அலுமினியம் மோனோஸ்டியரேட் சேர்க்கப்பட்டது. இப்பொருள் எண்ணெயினுள் மெல்லிய வலைபோல் அமைந்து, மருந்துத் தூளைத் தாங்கிக்கொள்கிறது. குலுக்கினாலும் ஊசியில் அழுத்தினாலும் வலை குலைந்து கலவை இளகி ஓடும். அசையாதிருந்தால் மீண்டும் கெட்டியாகும். புட்டியிலுள்ள தக்காளிச் சாறு குலுக்கியதும் இளகி வருவதும் இத்தகையதே.

இம்மருந்தின் ஓர் ஊசி பல நாள் பயன் தந்தது. மலாய் மொழியில் ‘புரு’ எனப்படும் யாஸ் புண்நோயை ஒழிக்க இது பெரிதும் உதவியது. இந்தோனேசியாவில் 1950-இல் இப்பணி தொடங்கியது. 1952 முதல் 1964 வரை உலகச் சுகாதார நிறுவனமும் யூனிசெஃப்பும் துணைநிற்க, 46 நாடுகளில் ஏறத்தாழ 5 கோடிப் பேர் சிகிச்சை பெற்றனர். மீண்டும் மீண்டும் ஊசி போட வேண்டியிருந்தால், தொலைவிலுள்ள சிற்றூர்களில் இது எவ்வாறு இயன்றிருக்கும்? இன்று அந்நோய்க்கு அசித்ரோமைசின் வாய்வழியே கொடுக்கப்படுகிறது.

நம் வீட்டுக் குழந்தைகளுக்குத் தரும் மருந்துகளிலும் இவ்வாறு தூள் கலந்தவை உண்டு. குலுக்காமல் ஊற்றினால் முதல் கரண்டிகளில் மருந்து குறையும், நோய் தீராது. கடைசிக் கரண்டிகளில் அளவு மிகும், தீங்கு நேரலாம். எனவே, தாய்மார்கள் ஒவ்வொரு வேளையும் புட்டியைக் குலுக்கி, மருந்துடன் தரப்பட்ட அளவுகோலால் அளந்து கொடுத்தல் வேண்டும். கெட்டியாக இருக்கிறதென்று தாமாகவே நீர் சேர்த்தல் கூடாது. குலுக்கியும் அடியில் கட்டியாக நின்றால், அம்மருந்தைத் தராமல் மருந்தகத்தில் காட்டிக் கேட்டறிவதே முறை.