சரக்குக்கு வயது கூடினால் விலை கூடுமா?

கடையில் தேங்கும் சரக்கு நஷ்டத்தில் முடியும் என்பது வணிகத்தின் பால பாடம். ஆயினும் வயது கூடினால் மதிப்புக் கூடும் பண்டங்களும் உண்டு. பழைய அரிசிக்குப் புது அரிசியை விட விலை அதிகம் என்பதை நம் அரிசி மண்டிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இதே வழக்கம் பீரில் வளர்ந்திருக்கிறது. உள்ளூர்ச் சிறு ஆலைகள் ஆண்டுக்கு ஒருமுறை வெளியிடும் பீரை ஆர்வலர்கள் பெட்டி பெட்டியாக வாங்கி, நிலவறையில் மூன்று, ஐந்து, பத்து ஆண்டுகள் வைத்திருந்து குடிக்கிறார்கள்.

தமிழ்நாட்டில் மதுச் சில்லறை விற்பனை 2003-ம் ஆண்டு முதல் டாஸ்மாக் வசம் உள்ளதால் இது நம் கடைக்குரிய பொருளன்று. ஆனால் இருப்பு, காலாவதி, முடங்கும் முதல், வாடிக்கையாளர் நம்பிக்கை ஆகிய நான்கையும் ஒரே பண்டத்தில் வைத்துப் படிக்க இது நல்ல உதாரணம். அந்த நோக்கில் இந்தப் பாடத்தைப் படிக்கவும்.

வழக்கம் பிறந்த விதம்

1965-ம் ஆண்டில் ஃபிரிட்ஸ் மேடாக் என்பவர், மூடும் நிலையிலிருந்த ஆங்கர் என்ற சிறு ஆலையைச் சான் பிரான்சிஸ்கோவில் வாங்கினார். 1975 முதல் கிறிஸ்துமஸ் காலத்துக்கென ஒரு தனி பீர் வெளியிட்டார். ஆண்டுதோறும் அதன் செய்முறையும் மாறும், லேபிளில் உள்ள மரத்தின் படமும் மாறும். சென்ற ஆண்டுச் சரக்கு மறுபடி வராது என்பதால் வாங்கியவர்கள் சில பாட்டில்களை எடுத்து வைக்கத் தொடங்கினார்கள்.

1980-ம் ஆண்டில் கலிபோர்னியாவின் சீகோ நகரில் கென் கிராஸ்மன் சியரா நெவாடா ஆலையைத் தொடங்கினார். அந்த ஆலை 1983 முதல் 'பிக்ஃபுட்' என்னும் கடும் பீரை ஆண்டுதோறும் வெளியிடுகிறது. எந்த ஆண்டுச் சரக்கு என்பது அடையாளமாக இருப்பதால் ஆர்வலர்கள் ஐந்தாறு ஆண்டுச் சரக்கை வரிசையாக வைத்து ஒரே நாளில் சுவைத்து ஒப்பிடுகிறார்கள். ஸ்டோன் என்ற ஆலை இதையே விற்பனைத் திட்டமாக்கியது. 2002-ம் ஆண்டு பிப்ரவரி 2-ம் தேதி தொடங்கி, ஆண்டுக்கொன்றாக, 2012 டிசம்பர் 12 வரை பதினொரு பீர்களை வெளியிட்டது. எல்லாவற்றையும் சேர்த்து வைத்து, வரிசை முடிந்த பின் ஒன்றாகச் சுவைப்பதே ஏற்பாடு. ஒரு பாட்டில் வாங்கியவரை மேலும் பத்து ஆண்டுகளுக்கு வாடிக்கையாளராக்கிய திட்டம் இது.

எது தாங்கும், எது தாங்காது

பெரும்பாலான பீர் பழையதாவதால் கெட்டுத்தான் போகும். அதற்கு எதிரிகள் மூன்று: வெளிச்சம், வெப்பம், பிராணவாயு.

ஹாப்ஸ் என்னும் பூவே பீருக்குக் கசப்பும் மணமும் தருவது. அதன் கசப்புப் பொருள் மீது வெளிச்சம் பட்டால் கந்தகம் கலந்த துர்நாற்றம் பிறக்கும். பழுப்புப் பாட்டில் இதைப் பெருமளவு தடுக்கும். பச்சைப் பாட்டிலும் வெள்ளைப் பாட்டிலும் தடுப்பது குறைவு. மூடிக்கடியில் தங்கிய பிராணவாயு நாளடைவில் நனைந்த அட்டையின் சுவையை உண்டாக்கும். வெப்பம் இந்த மாற்றத்தை விரைவுபடுத்தும்.

ஹாப்ஸ் மணமே முக்கியமான பீர், அரைத்த காப்பித்தூளைப் போன்றது. நாள் ஆக ஆக மணம் இறங்கும். சாராயச் சத்து 8 சதவீதத்துக்கு மேல் இருந்து, முளை கட்டிய பார்லியின் சாரமும் அடர்த்தியாக இருந்தால் நிலைமை வேறு. கசப்பு தணியும், காரம் அடங்கும், உலர் திராட்சை, பேரீச்சை, பாகு போன்ற சுவைகள் தலைதூக்கும். பிக்ஃபுட்டின் சாராயச் சத்து 9.6 சதவீதம். விதிவிலக்கும் உண்டு. பெல்ஜியத்தின் ஓர்வால் மடத்துப் பீர் 6.2 சதவீதமே. ஆனால் பாட்டிலுக்குள் உயிரோடிருக்கும் ஈஸ்ட் அதன் சுவையை மாதக்கணக்கில் மாற்றிக்கொண்டே இருக்கும். இளையது, மூத்தது எனக் கேட்டு வாங்குவோரும் அங்கே உண்டு.

வைக்கும் முறையும் கண்டிப்பானது. இருட்டறை, ஏறி இறங்காத 10 முதல் 13 டிகிரி செல்சியஸ் வெப்பம், பாட்டில் நிமிர்ந்த நிலை. இவற்றில் ஒன்று தவறினாலும் வயது ஆதாயத்தைத் தராது.

லேபிள் சொல்லும் மூன்று சேதிகள்

முதல் சேதி: உடனே பயன்படுத்துக. ஸ்டோன் ஆலை 2012-ல் ஒரு பீரை வெளியிட்டது. எந்தத் தேதிக்குள் குடிக்க வேண்டுமோ அந்தத் தேதியே அதன் பெயர். பாட்டிலில் அடைத்தது முதல் அவகாசம் சுமார் 35 நாட்கள். ரஷ்யன் ரிவர் ஆலையின் 'பிளைனி தி எல்டர்' லேபிளும் வாங்கியவரைச் சேமித்து வைக்க வேண்டாம் என்றே கேட்டுக்கொள்கிறது.

இரண்டாம் சேதி: பொறுத்திருந்து பயன்படுத்துக. ஓரிகான் மாநிலத்தின் டெஷூட்ஸ் ஆலை தன் 'அபிஸ்' பீரில், இந்தத் தேதிக்குப் பிறகு சிறப்பாக இருக்கும் என்று ஒரு நாளை அச்சிட்டது.

மூன்றாம் சேதி: நீண்ட காலம் வைக்கலாம். இங்கிலாந்தின் எல்ட்ரிட்ஜ் போப் ஆலை 1968-ல் நாவலாசிரியர் தாமஸ் ஹார்டியின் நினைவாக ஒரு பீர் வெளியிட்டது. அது 25 ஆண்டுகள் தாங்கும் என்று அறிவிக்கப்பட்டது.

மூன்றும் பீர்தான். மூன்றையும் ஒரே அலமாரியில், ஒரே வரிசையில் அடுக்கும் கடைக்காரர் முதல் வகையில் நஷ்டப்படுவார். இரண்டாம் வகையை அவசரப்பட்டுத் தள்ளுபடியில் தள்ளிவிடுவார்.

தேங்கியதும் முதிர்ந்ததும்

இந்தப் பாடத்தின் மையம் இதுதான். ஜன்னலோரம் மூன்று ஆண்டுகள் விற்காமல் நின்ற பாட்டில் தேங்கிய சரக்கு. அதே ஆலையின் அதே பாட்டில், இருட்டு நிலவறையில் வேண்டுமென்றே வைக்கப்பட்டிருந்தால் முதிர்ந்த சரக்கு. வெளித் தோற்றத்தில் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. எப்படி வைக்கப்பட்டது என்பதற்குச் சாட்சி கடைக்காரரின் வாய்ச்சொல் மட்டுமே. தேங்கியதை முதிர்ந்தது என்று சொல்லிக் கூடுதல் விலைக்கு விற்றால், மூடியைத் திறந்த அன்றே அந்தச் சொல் பொய்த்துவிடும். வாங்கியவர் மறுபடி படியேற மாட்டார்.

கணக்கு என்ன சொல்கிறது?

ஒரு வணிகர் பாட்டில் 100 ரூபாய் வீதம் 100 பாட்டில் வாங்கி மூன்று ஆண்டு வைக்கிறார் என்று கொள்வோம். முதல் 10,000 ரூபாய். ஆண்டுக்கு 12 சதவீதக் கூட்டு வட்டியில் மூன்றாம் ஆண்டு முடிவில் அது 14,049 ரூபாய் ஆகும். உடைந்தவை, கெட்டவை 6 என்றால் மீதி 94. அப்போது ஒரு பாட்டிலின் அடக்கம் ஏறக்குறைய 150 ரூபாய். கிடங்கு வாடகை, குளிர்சாதன மின்கட்டணம், காப்பீடு இதில் சேரவில்லை. ஆக, விலை ஒன்றரை மடங்கு ஏறினாலும் லாபம் ஒரு காசும் இல்லை. ஆர்வலர் தம் விருப்பத்துக்காகக் காத்திருக்கிறார். அவர் வட்டி பார்ப்பதில்லை. வணிகர் வட்டி பார்க்காமல் காத்திருக்க முடியாது.

நாணயம் காத்தவர்கள்

சிகாகோவின் கூஸ் ஐலண்ட் ஆலை, விஸ்கிப் பீப்பாயில் ஊறவைத்த 'போர்பன் கவுண்டி' பீருக்குப் பெயர் பெற்றது. 2015-ம் ஆண்டுச் சரக்கில் சில வகைகள் நுண்ணுயிர் புகுந்து புளித்துப் போயின. ஆர்வலர்கள் அவற்றை ஏற்கனவே நிலவறைகளில் பூட்டியிருந்தார்கள். ஆலை 2016-ல் குறையை வெளிப்படையாக அறிவித்துப் பணத்தைத் திருப்பித் தந்தது. அந்த ஆண்டுச் சரக்கு முதல் நொடிநேரச் சூடேற்று முறையில் நுண்ணுயிரை அழிக்கத் தொடங்கியது. நீண்ட காலம் வைக்கத்தக்கது என்று விற்ற பண்டத்துக்கு விற்ற நாளோடு பொறுப்பு முடிவதில்லை.

பெல்ஜியத்தின் வெஸ்ட்வ்ளேட்டரன் மடத்துத் துறவிகள் தங்கள் பீரை முன்பதிவு செய்தவர்களுக்கு அளவோடு தருகிறார்கள். கூடுதல் விலைக்கு மறுவிற்பனை செய்வதை ஏற்பதில்லை. 2019-ல் முன்பதிவை இணையத்துக்கு மாற்றியதற்கும் மறுவிற்பனையாளரைத் தடுப்பது ஒரு காரணம். நிரந்தர வாடிக்கையாளருக்குச் சரக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதே அவர்கள் கணக்கு.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. அரிய சரக்கு என்ற பெயர் மட்டும் ஆலையைக் காப்பாற்றாது. இந்த வழக்கத்துக்கு வித்திட்ட ஆங்கர் ஆலையே 2023-ல் உற்பத்தியை நிறுத்தியது. 2024-ல் அமெரிக்காவில் புதிதாகத் திறந்த சிறு ஆலைகளை விட மூடியவையே அதிகம்.

பயிற்சி

இந்த வாரம் உங்கள் கிடங்கில் நின்று கீழ்க்கண்ட கேள்விகளுக்குப் பதில் எழுதிப் பாருங்கள்.

1. என் சரக்கில் வயதால் மதிப்புக் கூடுபவை எவை? குறைபவை எவை? இரண்டும் தனித்தனி இடத்தில் உள்ளனவா?

2. முதலில் வந்தது முதலில் போகும்படி அடுக்கியிருக்கிறேனா? வந்த தேதி மூட்டையிலும் பெட்டியிலும் தெரிகிறதா?

3. வெயில், வெப்பம், காற்று ஆகியவற்றால் கெடும் பண்டம் ஜன்னலோரமோ தகரக் கூரையின் கீழோ இருக்கிறதா?

4. விலை ஏறும் என்று நான் நிறுத்தி வைத்த சரக்கின் இன்றைய அடக்கம், வட்டியும் கழிவும் சேர்த்து எவ்வளவு?

5. பழையது என்று நான் சொல்லி விற்பதை, எப்படி வைத்திருந்தேன் என்றும் வாடிக்கையாளரிடம் தயங்காமல் சொல்ல முடியுமா?

ஐந்தாவது கேள்விக்கு ஆம் என்று எழுத முடிந்தவர், அந்தச் சரக்குக்குக் கூடுதல் விலை கேட்கலாம். முடியாதவர் அதை இந்த மாதமே கிடைத்த விலைக்கு விற்று, முதலைப் புதுச் சரக்கில் போடுவது நல்லது.