ஆறு பேர் வந்தாலும் அப்பியாசம் நிற்க வேண்டாம்

எட்டாம் வகுப்பு படிக்கும் என் பேத்தி பள்ளி பேண்டில் கிளாரினெட் வாசிக்கிறாள். பெயர் கொடுத்தவர்கள் இருபது பேர். பயிற்சிக்கு வருவதோ ஆறு பேர். குடியரசு தினம் நெருங்கினால்தான் மற்றவர்களுக்கு ஞாபகம் வரும். "நான் மட்டும் எதுக்குத் தாத்தா கஷ்டப்படணும்?" என்று கேட்டாள்.

ரயில்வேயில் நான் பார்த்த கீமேனைப் பற்றிச் சொன்னேன். தினமும் தம் பீட் முழுவதும் ஒரு தண்டவாளத்தைப் பார்த்தபடி நடந்து, மற்றதைப் பார்த்தபடி திரும்புவார். அடுத்த பீட்காரர் வந்தாரா என்று விசாரித்துவிட்டு அவர் புறப்படுவதில்லை.

பிறகு மூன்று வழிகள் கூறினேன்.

1. தினமும் 20 நிமிடம் சாதகம். முதலில் ஒரே மூச்சில் ஒரு ஸ்வரத்தை அசையாமல் நீட்டி ஊது. எத்தனை விநாடி நின்றது என்று நோட்டில் எழுது.

2. பேண்டை நம்பியிராத ஓர் இலக்கு வை. டிரினிட்டி காலேஜ் லண்டனின் கிரேடு தேர்வுகள் நம் நாட்டிலும் நடக்கின்றன. பேண்டு வாத்தியமாக வந்த கிளாரினெட்டில் கர்நாடகக் கச்சேரி செய்த ஏ.கே.சி. நடராஜன் 2008-ல் சங்கீத கலாநிதி ஆனார்.

3. வராதவர்களை எண்ணாதே. வருகிற ஒருத்தியோடு சேர்ந்து வாசி. சுருதியும் தாளமும் சேர்ந்து பழக இருவர் போதும்.

இரண்டு மாதத்தில் அவள் நோட்டில் 9 விநாடி 16 ஆயிற்று. பேண்டு என்னவோ அப்படியேதான் இருக்கிறது, அவள் விடவில்லை.

பெற்றோர்களே, "பரிசு கிடைத்ததா?" என்று கேட்காதீர்கள். "இன்று எத்தனை விநாடி?" என்று கேளுங்கள்.