பழுது எங்கே?

வலியசாலையில் என் அறையில் நானே பூட்டிய கணிப்பொறி அது. முப்பரிமாணப் படம் வரையத் தொடங்கினால் திரை இருண்டுவிடும். வரைகலை அட்டை கெட்டதென்று முடிவுகட்டி, உதவித்தொகையுடன் கடைக்குப் புறப்பட்டேன்.

“சோதித்தாயா, தம்பி?” என்றார் பக்கத்து அறை அண்ணன்.

மின்னிணைப்பை நீக்கி, அட்டையைக் கழற்றி, செயலியில் உள்ளடங்கிய வரைகலையால் இயக்கினோம். திரை இருளவில்லை. “பார்த்தீர்களா!” என்றேன். அவரோ அட்டையைத் தம் பொறியில் பூட்டினார். அங்கும் இருளவில்லை!

செருகுவாய் அட்டைக்குத் தருவது மிகுதியாய் 75 வாட். மீதத்தை மின்வழங்கி தனிவடத்தில் தரவேண்டும். அவருடைய மின்வழங்கியை என் பொறியில் இணைத்ததும் குறை தீர்ந்தது.

நண்பர்களே, ஒரு சமயத்தில் ஒன்றையே மாற்றிப் பாருங்கள். ஐயம் தீர்ப்பாகாது, குற்றமற்ற அட்டையை அன்று குப்பையில் எறிந்திருப்பேன்.