மாமரத்தில் தொங்கிய பறை

மாங்காட்டில் படம் வரைந்து பிழைக்கிறவன் நான். என்னிடம் கற்றுக்கொள்ள வரும் பிள்ளைகள் எப்படியும் ஒருநாள் கேட்டுவிடுவார்கள்: "சார், படத்துல அரசியல் பேசணும்னா எங்கேர்ந்து ஆரம்பிக்கிறது?" பஸ் ஏறிக் குன்றத்தூர் போய்வா என்பேன். கிண்டல் செய்கிறேன் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

குன்றத்தூர் சேக்கிழாரின் ஊர். 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் குலோத்துங்கனிடம் அமைச்சராக இருந்தவர். மன்னன் சீவக சிந்தாமணியில் மயங்கிக் கிடந்தான், அந்தச் சமணக் காப்பியத்திலிருந்து அவனைத் திருப்பத்தான் பெரியபுராணம் பாடினார் என்கிறது உமாபதி சிவாச்சாரியார் சொல்லும் வரலாறு. நாம் பூஜை அறையில் வைத்திருக்கும் நூல், அரசவையில் இன்னொரு நூலுக்குப் போட்டியாக வந்தது! கலையில் அரசியல் எதற்கு என்று கேட்கிறவர்களிடம் இதைச் சொல்லி நிறுத்திக்கொள்வேன்.

பெரியபுராணத்தில் வரும், சாதியால் கோயிலுக்குள் போக முடியாத நந்தனாரின் கதையைப் படத்தொடராக வரைய எடுத்தபோதுதான் சேக்கிழாரை ஊன்றிப் படித்தேன். ஆதனூர்ப் புலைப்பாடியை அவர் காட்டுகிற விதத்தைப் பாருங்கள். மருதமர நிழலில் தோலை விரித்துக் குழந்தையைத் தூங்கவைக்கிறாள் உழத்தி. மண்ணில் புதைத்த பானைக்குள் கோழி அடைகாக்கிறது. மாமரக் கிளையில் பறைகள் தொங்குகின்றன. தென்னையடிப் பொந்தில் நாய்க்குட்டிகள். அமைச்சராக இருந்தவருக்கு இதெல்லாம் எப்படித் தெரிந்தது? சேரிக்குள் போகாதவரால் பானைக்குள் கோழி இருப்பதை எழுத முடியாது என்பது என் எண்ணம். கதை எழுதுகிறவர்களும் வரைகிறவர்களும் பயணம் போக வேண்டியது இப்படிப்பட்ட கோழிக்காகத்தான்.

அதனால் நானும் திருப்புன்கூர் போனேன். வைத்தீஸ்வரன் கோயிலுக்குப் பக்கத்து ஊர். நந்தனார் வெளியே நின்றே தரிசிக்க நந்தி விலகிய தலம். காலண்டர் படங்களில் நந்தியும் லிங்கமும் பெரிதாக இருக்கும், நந்தன் ஓரமாக இருப்பார். நான் வாசலுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து வரைந்தேன். அங்கிருந்து பார்த்தால் முதலில் தெரிவது வாசல்தான். அப்புறம் உள்ளே போகிறவர்களின் முதுகு. அவற்றுக்கெல்லாம் பின்னால், எங்கேயோ, சுவாமி. அந்தக் கோணத்தைப் பிடித்ததும் தொடருக்கு வசனமே வேண்டாம் என்று ஆகிவிட்டது. கோஷம் எழுதுவது சுவர் விளம்பரக்காரர்களின் தொழில், அதை அவர்கள் என்னைவிட நன்றாகவே செய்வார்கள்.

இன்னொன்றும் கவனியுங்கள். நந்தனைச் சிதம்பரம் போகவிடாமல் தடுக்கும் பண்ணையார், சேக்கிழாரிடம் கிடையாது. 19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் தம் நந்தனார் சரித்திரத்தில் சேர்த்த பாத்திரம் அது. ஒரே ஒரு ஆளைச் சேர்த்ததும் பக்திக் கதைக்குள் நிலமும் கூலியும் வந்துவிட்டன. பழைய கதையை எடுக்கிறவர்கள் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது, இதில் யார் விடுபட்டிருக்கிறார்கள் என்பதைத்தான். சிதம்பரத்தில் கோயிலுக்குள் போவதற்காக நந்தன் இறங்கிய தீயைப் பக்தியின் உச்சம் என்று வரையலாம். அந்தத் தீயை மூட்டியவர்களின் கைகளையும் வரையலாம். நான் கைகளை வரைந்தேன். சிலருக்குப் பிடிக்கவில்லை, பரவாயில்லை.

வெளியூர் போக வசதியில்லை என்கிறீர்களா? உள்ளூரிலேயே வேலை இருக்கிறது. இங்கே மாங்காட்டில் காமாட்சி பஞ்சாக்கினி நடுவே ஒற்றைக் காலில் தவமிருந்தாள், பிறகு காஞ்சிக்குப் போய்விட்டாள் என்பது தலபுராணம். அவள் விட்டுப்போன அக்கினியின் வெம்மையை, ஆதிசங்கரர் வந்து அர்த்தமேரு சக்கரம் வைத்துத் தணிக்கும்வரை ஊர்தானே தாங்கியிருக்க வேண்டும்? அந்த ஊர்க்காரர்களை யாரும் வரைந்து நான் பார்த்ததில்லை. வெள்ளிக்கிழமையில் சன்னதித் தெருவில் போய் உட்காருங்கள். ஆறு வார வேண்டுதலுக்கு எலுமிச்சம்பழத்தோடு வரிசையில் நிற்கிறவர்களை எல்லாரும் வரைவார்கள். நீங்கள் பழம் விற்கிற அம்மாவை வரையுங்கள். அவரிடம் கேட்டுவிட்டு வரையுங்கள், முடித்ததும் முதலில் அவரிடமே காட்டுங்கள். மூக்கு சரியில்லை என்று சொன்னால் திருத்துங்கள். செல்போனில் படம் எடுத்துவந்து வீட்டில் வரைவதை மட்டும் செய்யாதீர்கள். விலை கேட்டுவிட்டு வாங்காமல் போகிறவர்களை அவர் பார்க்கிற பார்வை போனில் விழாது.