உலைமுடிப் பயணம்

கொங்கு நாட்டைச் சூழ்ந்து நிற்பன மலைகள். மேற்கே வெள்ளியங்கிரியும், வடமேற்கே நீலகிரியும், தெற்கே ஆனைமலையும், கிழக்கே கொல்லிமலையும் அரண்போல அமைந்துள்ளன. இம்மலைகளினின்று இழிந்து வரும் நொய்யலும் பவானியும் அமராவதியும் நம் வயல்களுக்கு உயிரூட்டுகின்றன. ஆதலின், மலை என்ற அளவில் தண்மையும், அருவியும், அமைதியுமே நம் நினைவிற்கு வருகின்றன. ஆயின், உலகத்து மலைகள் யாவும் இத்தன்மையன அல்ல. நீருக்கு மாறாக நெருப்பைச் சொரியும் மலைகளும் உள. அவையே எரிமலைகள்.

நிலத்தின் அடியிலே பாறையும் உருகும் அளவிற்கு வெப்பம் மிகுந்த இடங்கள் உள்ளன. அங்கே உருகிய பாறைக்குழம்பு, தன்னுள் அடங்கிய ஆவிகளின் உந்துதலால், பிளவுகளின் வழியே மேலெழுந்து வெளிப்படும். அது குளிர்ந்து இறுகும். மீண்டும் குழம்பு எழுந்து அதன்மேற் படியும். இங்ஙனம் அடுக்கடுக்காக வளர்ந்ததே எரிமலை. அவற்றுள் இன்றும் கனன்று கொண்டிருப்பவற்றைச் செயற்படும் எரிமலைகள் என்பர். நம் இந்திய நாட்டிலும் அத்தகைய மலை ஒன்று உண்டு. அந்தமான் கடலில், முன்பு போர்ட் பிளேயர் என வழங்கிய ஸ்ரீ விஜயபுரத்திற்கு வடகிழக்கே ஏறத்தாழ 140 கிலோமீட்டர் தொலைவில் உள்ள பாரன் தீவே அது. 1787ஆம் ஆண்டில் அது தீக்கக்கியதை மாலுமிகள் கண்டு எழுதி வைத்தனர். பின்னர் நெடுங்காலம் உறங்கிய அம்மலை 1991ஆம் ஆண்டில் விழித்தது. அதன்பின் பன்முறை கனன்று, 2025ஆம் ஆண்டிலும் புகைந்தது. மக்கள் குடியிராத அத்தீவைக் கப்பலில் இருந்தவாறே காண்பது வழக்கம். அதன்மேல் நடந்து திரிதல் எளிதன்று.

எனினும், எரிமலையை அண்டை வீட்டாராகக் கொண்டு தமிழ் வழியினர் வாழும் நாடு ஒன்று உண்டு. அஃது இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில், மொரீசியசுக்குத் தென்மேற்கே அமைந்த இரீயூனியன் தீவு ஆகும். அதன் பரப்பு 2,512 சதுர கிலோமீட்டர்; நம் கோயம்புத்தூர் மாவட்டத்தில் ஏறக்குறையப் பாதி எனலாம். பிரெஞ்சு ஆட்சிக்கு உட்பட்ட அத்தீவில் 1848ஆம் ஆண்டில் அடிமை முறை ஒழிக்கப்பட்டது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தமையால், புதுச்சேரி, காரைக்கால் முதலிய துறைமுகங்களிலிருந்து தமிழ் மக்கள் பல்லாயிரவர் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பல் ஏற்றப்பட்டனர். அவர்தம் வழித்தோன்றல்களுள் பலர் இன்று தமிழ் பேசுதலை மறந்தனர். ஆயினும், தம் தெய்வத்தையும் விழாவையும் மறந்திலர். மாரியம்மனுக்கும் திரௌபதியம்மனுக்கும் அவர்கள் இன்றும் தீமிதிக்கின்றனர். பண்ணாரியிலே குண்டம் இறங்குவாரைக் கண்ட நமக்கு, கடல் கடந்தும் அவ்வழக்கம் நிலைத்திருத்தல் வியப்பும் உவகையும் ஒருங்கே தருவதன்றோ?

அத்தீவின் தென்கிழக்கிலே 2,632 மீட்டர் உயர்ந்து நிற்பது பிட்டன் டி லா பூர்னேசு என்னும் எரிமலை. 'உலையின் கொடுமுடி' என்பது அப்பெயரின் பொருள். அதனை நாம் உலைமுடி என்றே இங்கு வழங்குவோம். பதினேழாம் நூற்றாண்டு தொடங்கி அது 150 முறைக்கு மேல் எரிகுழம்பைக் கக்கியுள்ளது. உலகில் ஓயாது செயற்படும் எரிமலைகளுள் அஃது ஒன்று. நம் நாட்டிற்கும் அதற்கும் மற்றொரு தொடர்பும் உண்டு. மராட்டிய நாட்டைப் போர்த்திருக்கும் தக்காணக் கரும்பாறைப் படிவுகள், ஏறத்தாழ 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் பெருகிய எரிகுழம்பால் ஆனவை. அன்று இந்திய நிலப்பரப்பின் அடியில் இருந்த வெப்ப ஊற்றே, நிலம் வடக்கு நோக்கி நகர்ந்தபின் இரீயூனியன் தீவின் அடியில் கனல்கின்றது என நிலவியல் அறிஞர் கருதுகின்றனர். அடுப்பு ஓரிடத்தே நிற்க, அதன்மேல் வைத்த தட்டு மட்டும் நகர்ந்து சென்றதைப் போன்றது இது.

இத்தகைய மலையில் மனிதர் நடந்து செல்வது எங்ஙனம்? உலைமுடியைக் காண்போர் வைகறையிலேயே புறப்படுவர். பகல் ஏற ஏற முகில் கவிந்து மலையை மறைத்துவிடும் என்பதே அதற்குக் காரணம். முதலில் மணற்சமவெளி என்னும் செந்நிலம் எதிர்ப்படும். அங்கே பெருமரங்கள் இல்லை, சிற்றாறும் இல்லை. அதனைக் கடந்தால் 2,311 மீட்டர் உயரத்தில் பெல்கோம்புக் கணவாய் உள்ளது. அங்கு நின்று நோக்கினால், செங்குத்தான பாறைச் சுவர்கள் மூன்று புறமும் வளைந்து நிற்க, நடுவே கருநிறப் பரப்பு ஒன்று விரிந்து கிடத்தல் தோன்றும். கடல் நோக்கிய கீழ்ப்புறம் மட்டும் திறந்திருக்கும். இதற்கு அடைப்பு என்று பெயர். எரிகுழம்பு பெரும்பாலும் இவ்வடைப்பினுள்ளேயே பெருகி ஓடுதலால், வெளியே உள்ள ஊர்கள் தப்புகின்றன.

சுவரின் பக்கமாக அமைந்த ஐந்நூறுக்கு மேற்பட்ட படிகளில் இறங்கினால் அடைப்பின் தளத்தை அடையலாம். பாதை நெடுகப் பாறைகளின்மேல் வெள்ளைக் குறிகள் தீட்டப்பட்டுள்ளன. தெளிந்த வானிலையில் அக்குறிகளே போதும் எனச் சிலர் தாமே செல்வர். அறிவுடையார் பலர், பயிற்சியும் உரிமமும் பெற்ற வழிகாட்டி ஒருவரின் பின்னே சிறு குழுவாகச் செல்வர். குழு சிறிதாயிருத்தல் எற்றுக்கு? முன்செல்வோன் திரும்பி நோக்கினால் கடையில் வருபவன் முகம் தெரிதல் வேண்டும். அவன் குரல் அனைவர் செவியிலும் படுதல் வேண்டும். மூடுபனி கவிந்தபோது பத்தடிக்கு அப்பால் உள்ள வெள்ளைக் குறியும் மறையும். அவ்வேளையில் வழி தவறி இடர்ப்பட்டோர் பலர்.

நடந்து செல்லும்போது காட்சிகள் பலவாறாக விரிகின்றன. படிகளின் அருகே சிறியதொரு குன்று உண்டு. 1753ஆம் ஆண்டில் எழுந்த அக்குன்றுக்கு அந்நாட்டார் இட்ட பெயர் குழியானை என்னும் பொருள் தருவது. நம் வீட்டுத் திண்ணையோரத்து மணலில் சுழித்துக் குழி பறித்து, எறும்பு வீழ்வதை எதிர்நோக்கிக் கிடக்கும் அச்சிற்றுயிரை அறியாத சிறுவர் உண்டோ? அதன் குழியைப் போன்றே குன்றின் உச்சியும் குழிந்திருத்தலின் அப்பெயர் பெற்றது. பெருந்தீயின் வாயிலுக்குச் சிற்றுயிரின் பெயரை இட்ட பொருத்தம் எண்ணி இன்புறத்தக்கது.

காலடியில் உள்ள பாறையும் ஒரு தன்மையதன்று. ஓரிடத்தில் அது முறுக்கிய கயிறுகளை வரிசையாகக் கிடத்தினாற்போல வழவழப்பாகத் தோன்றும். மெல்ல ஓடிய குழம்பின் மேலாடை சுருங்கி இறுகியதால் அமைந்த கோலம் இது. மற்றோரிடத்தில் உடைந்த ஓட்டுச் சில்லுகளைக் குவித்தாற்போலக் கூர்மையாக நிற்கும். தடுமாறிக் கை ஊன்றினால் தோல் கிழியும். ஆதலின், கெட்டியான அடியுடைய காலணியும், காலை மூடும் உடையும் இன்றியமையாதன. வழியில் நீரும் நிழலும் இன்மையால், போய் வருதற்கு வேண்டும் ஏறக்குறைய ஐந்து மணி நேரத்திற்கும் போதிய நீரைத் தாமே சுமந்து செல்ல வேண்டும். காலையில் குளிர் வருத்தும். நண்பகலில் வெயில் வறுக்கும். மாலையில் மழை நனைக்கும். மூன்றிற்கும் ஆயத்தமாகச் செல்பவனே மலைப்பயணி எனத் தக்கவன்.

இறுதியில் டோலோமியு என்னும் பெருவாயின் விளிம்பை அடையலாம். 2007ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் மலையினுள் இருந்த குழம்பு பெருமளவில் வெளியேறிக் கடலைச் சென்று சேர்ந்தது. உள்ளிடம் வெறுமையானமையால், தாங்குவாரற்ற கூரை வீழ்வதைப் போல, அவ்வாயின் தளம் சில நாள்களுக்குள் 300 மீட்டருக்கு மேல் உள்வாங்கிற்று. அதன் விளிம்பு இன்றும் உறுதியற்றது. பிளவுகள் மறைந்து கிடப்பது. ஆதலின், வழிகாட்டி, "இதற்குமேல் ஓரடியும் வைத்தல் ஆகாது" என ஓரிடத்தில் நிறுத்துவார். இன்னும் சற்று எட்டிப் பார்த்தால் அடி ஆழம் தெரியுமே என்னும் ஆவல் எவர்க்கும் எழும். அவ்வாவலை அடக்குவதே அப்பயணத்தின் உண்மையான தேர்வாகும்.

எரிகுழம்பு ஓடிய குகைகளிலும் வழிகாட்டிகள் சிறு குழுக்களை அழைத்துச் செல்கின்றனர். மேற்புறம் குளிர்ந்து இறுக, உட்புறக் குழம்பு தொடர்ந்து ஓடி வடிந்துவிட, எஞ்சிய வெற்றுக் குழாயே குகையாயிற்று. தலைக்கவசமும் விளக்கும் பூண்டு, சில இடங்களில் தவழ்ந்தும் செல்ல வேண்டும். 1,100 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெம்மையோடு தீயாறு பாய்ந்த வழியில் இன்று மனிதன் கையூன்றி நகர்கிறான் என்றால், அவன் ஆண்மையைக் காட்டிலும் அவனை அங்கே அழைத்துச் சென்ற அறிவையே போற்றுதல் வேண்டும்.

அவ்வறிவு எளிதில் வந்ததன்று. 1977ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் எரிகுழம்பு வழக்கம் மாறி, அடைப்பிற்கு வெளியே வெடித்துச் செயின்ட் ரோசு என்னும் பகுதியில் உள்ள சிற்றூருக்குள் புகுந்தது. வீடுகள் பல எரிந்தன. ஊரிலிருந்த கிறித்தவக் கோயிலின் வாயிலை எட்டிய குழம்பு இருபுறமும் பிரிந்து ஓட, கோயில் மட்டும் நிலைத்து நின்றது. மக்கள் வெளியேற்றப்பட்டமையால் உயிர்கள் தப்பின. இந்நிகழ்ச்சியின் பின்னரே அங்கு எரிமலை ஆய்வுநிலையம் ஒன்று நிறுவப்பட்டது. மலையின் மெல்லிய நடுக்கம், அதன் சரிவுகளின் வீக்கம், வெளிப்படும் ஆவிகள் ஆகியவற்றைக் கருவிகள் இரவும் பகலும் அளந்து வருகின்றன. மருத்துவன் நாடி பிடித்து நோயை அறிவதைப் போல, அறிஞர்கள் மலையின் உள்நிலையை உணர்கின்றனர். வெடிப்பு அணுகியதெனத் தோன்றினால் அரசினர் அடைப்பின் வாயிற்கதவை மூடிவிடுவர். அதன்பின் எரிகுழம்பைக் காண விழைவோர் சுவரின் வெளியே, தொலைவில் அமைந்த இடங்களுக்கே செல்லுதல் வேண்டும்.

வழிகாட்டி ஒருவன் உடன் வந்தால் மட்டும் போதுமோ? போதாது என்பதை நியூசிலாந்து நாட்டு நிகழ்ச்சி ஒன்று காட்டுகின்றது. அங்கே வாக்காரி என்னும் எரிமலைத் தீவிற்கு வழிகாட்டிகள் நாள்தோறும் குழுக்களை அழைத்துச் சென்றனர். 2019ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் மலையின் நிலை கவலைக்குரியது என ஆய்வாளர் எச்சரிக்கைப் படியை உயர்த்தினர். ஆயினும் பயணங்கள் நின்றில. டிசம்பர் 9ஆம் நாள் பிற்பகலில், 47 பேர் தீவில் இருந்தபோது, கொதியாவி திடீரென வெடித்தெழுந்தது. 22 பேர் மாண்டனர். மாண்டவருள் வழிகாட்டிகளும் இருந்தனர். எரிகுழம்பு மெல்ல ஓடும். விலகி நிற்க நேரம் கிடைக்கும். ஆவி வெடிப்போ கண்ணிமைப்பொழுதில் நிகழும். ஓட இடம் இராது. எனவே, பயணி வழிகாட்டிக்கும், வழிகாட்டி ஆய்வாளர்க்கும், அனைவரும் மலைக்கும் செவி சாய்த்தல் வேண்டும். இச்சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் உயிர்க்கு உறுதியில்லை.

மாணவர்களே! இச்செய்தி எங்கோ உள்ள நாட்டிற்கு மட்டும் உரியதன்று. நம் வெள்ளியங்கிரியின் ஏழு மலைகளையும் ஏறுதற்கு ஆண்டுதோறும் பிப்பிரவரி முதல் மே வரை வனத்துறையினர் இசைவு அளிக்கின்றனர். பூண்டி அடிவாரத்தில் மூங்கில் தடியை ஊன்றிப் புறப்படும் அடியார்கள், பலமுறை ஏறிய பெரியவர் ஒருவரை முன்விட்டுப் பின்தொடர்வதைக் காணலாம். உடல்நிலை இடந்தராதவர் ஏறுதல் கூடாதென வனத்துறையினர் அறிவுறுத்துகின்றனர். அதனைப் பொருட்படுத்தாது ஏறி, உச்சியை அடையுமுன் உயிர் நீத்தோரும் உளர். தீயினால் வரும் இடர் இங்கில்லை. ஆயினும் மூச்சுத் திணறலும், குளிரும், வழுக்குப் பாறையும், யானையும் உள்ளன. மலை எதுவாயினும் அதன் விதி ஒன்றே.

உச்சியை அடைந்து மீண்டவனைப் பாராட்டுகின்றோம், அது தகும். ஆனால், வாயிற்கதவு மூடப்பட்டிருப்பது கண்டு முணுமுணுக்காது திரும்பியவனும், தோழன் தளர்ந்தபோது அவனோடு தானும் நின்றவனும் அப்பாராட்டிற்குச் சிறிதும் குறைந்தவரல்லர். மலை நாளையும் அங்கே நிற்கும். அதனை நாளை காண்பதற்கு நாம் இருத்தல் வேண்டும்.