நள்ளிரவில் இழுக்கும் கெண்டைக்கால்

கேள்வி: எனக்கு வயது 47. ஜவுளிக்கடையில் வேலை, நாள் முழுக்க நிற்க வேண்டும். வாரத்தில் இரண்டு மூன்று இரவுகள் கெண்டைக்கால் சதை இறுகி, உயிர் போகிற வலி. நரம்பு இழுக்கிறது, வாதத்தில் கொண்டுபோய் விடும் என்கிறார்கள். பயமாக இருக்கிறது, டாக்டர்.
– எஸ்.எம்., விருதுநகர்

பதில்: முதலில் பயத்தை விடுங்கள். நீங்கள் எழுதியிருப்பது வாதத்தின் அறிகுறி அல்ல, தசைப்பிடிப்பு. வலி கடுமைதான், ஆபத்து அநேகமாக இல்லை.

தசைக்கு இழுக்கத்தான் தெரியும். கிணற்றுக் கயிறு மாதிரி, தள்ள வராது. அதனால்தான் மூட்டுகளில் தசைகள் எதிரெதிராக அமைந்திருக்கின்றன. கெண்டைச் சதை குதிகால் நாணை (தசையை எலும்போடு பிணைக்கும் பட்டை) இழுத்துப் பாதத்தைக் கீழே தாழ்த்துகிறது. முன்பக்கத் தசை அதை மேலே தூக்குகிறது. ஒன்று இழுக்கும்போது மற்றது விட்டுக்கொடுக்க வேண்டுமே? அந்த உத்தரவைத் தண்டுவடம் (முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புத் தொகுதி) நம்மைக் கேட்காமலே அனுப்பிவிடுகிறது. இதை ஆராய்ந்து விளக்கிய ஆங்கிலேய விஞ்ஞானி ஷெரிங்டன், 1932இல் நோபல் பரிசும் பெற்றார்.

படுத்திருக்கும்போது பாதம் தானாகக் கீழே சாயும், போர்வையும் அழுத்தும். அப்படி ஏற்கெனவே குறுகிக் கிடக்கும் சதை, அதுவும் நாளெல்லாம் நின்று களைத்த சதை, தூக்கத்தில் லேசாக முறுக்கினாலும் பிடித்துக்கொள்ளும்.

வலி வந்ததும் பலர் சதையைப் போட்டுப் பிசைகிறார்கள். அதற்கு முன் இதைச் செய்யுங்கள்: முழங்காலை நீட்டி, கால் விரல்களை முகத்தை நோக்கி நீங்களே மடக்குங்கள். வீட்டில் யாராவது பிடித்து வளைப்பதைவிட இது மேல். முன்தசை வேலையைத் தொடங்கியதுமே கெண்டைச் சதைக்குத் தளரச் சொல்லி உத்தரவு போய்விடும். முடியவில்லையா, பாதத்தில் ஒரு துண்டை மாட்டி மெல்ல இழுங்கள்.

படுக்கப் போகுமுன் சுவரில் கை ஊன்றி, ஒரு காலைப் பின்னே வைத்து, அதன் குதிகால் தரையை விட்டு எழும்பாமல் 30 விநாடி முன்சாய்ந்து நில்லுங்கள். இரு காலுக்கும் மும்முறை. கடையில் வேலை மும்முரத்தில் தண்ணீர் குடிக்க மறக்காதீர்கள்.

ரத்த அழுத்தத்துக்குச் சாப்பிடும் சில மாத்திரைகள், சர்க்கரை, தைராய்டு கோளாறு ஆகியவையும் இதைத் தூண்டலாம். எனவே பிடிப்பு தொடர்ந்தால் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். மருந்துக்கடையில் கேட்டு கால்சியம் மாத்திரை வாங்கி விழுங்குவதில் எனக்கு உடன்பாடில்லை.

ஒரு கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் அன்றே மருத்துவரிடம் போங்கள். ரத்தக்குழாயில் உறைகட்டியாக இருக்கலாம். நடந்தால் வலித்து, நின்றால் விட்டுப்போகிற வலியையும், கால் மரத்துப்போவதையும்கூடக் காட்டிவிடுவது நல்லது.