கடும் பத்தியமும் கள்ளத் தீனும்



விபூதிப் புதன் அண்மிக்கும்போது நம் இல்லங்களிலே தீர்மானங்கள் எடுக்கப்படுவது வழமை. நாற்பது நாளும் இறைச்சி தொடமாட்டேன், சீனியில்லாத தேநீர்தான் குடிப்பேன், இரவில் சோறு உண்ணமாட்டேன் என்று ஒவ்வொருவரும் தத்தம் மனத்துக்கேற்ப ஏதோவொன்றை ஒறுத்துக்கொள்கிறோம். இது நம் முன்னோர் நமக்கு விட்டுச்சென்ற நல்ல வழக்கம். அதனைக் குறைத்துப் பேச நாம் இங்கு முற்படவில்லை. ஆனால் இந்த நல்ல வழக்கத்தின் போர்வைக்குள்ளே வேறொரு துன்பம் சிலருடைய வாழ்வில் ஒளிந்திருக்கிறது. அதைப்பற்றித் தபசுகாலம் தொடங்குமுன்னரே பேசிவிடுவது நல்லது.

ஒரு குடும்பத்தலைவியை எண்ணிப் பாருங்கள். (இவர் நாம் கற்பனையிற் கண்டவரே. எழுதுபவர் குருவானவராயிற்றே, பாவசங்கீர்த்தனத் தொட்டியில் எவரோ சொன்னதாக இருக்குமோ என்று யாரும் ஐயுற வேண்டாம். அங்கே கேட்டது அங்கேயே அடங்கிவிடும்.) வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. கிளினிக்கில் இரத்தம் சோதித்து, சீனி எல்லையில் நிற்கிறது, நிறையைக் குறையுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அன்றே அவர் ஒரு கடும் பத்தியத்தைத் தொடங்கிவிடுகிறார். காலையில் ஒரு கைப்பிடி அவித்த பயறு. மதியம் கீரையும் ஒரு துண்டு மீனும். சோறு இல்லை, தேங்காய்ப்பால் இல்லை, இரவில் வெறுந்தேநீர். பிள்ளைகளுக்குப் பிட்டும் சொதியும் சம்பலும் அவரேதான் ஆக்கிப் பரிமாறுகிறார். தாம் தொடுவதில்லை. ஐந்து நாட்கள் அப்படியே கழிகின்றன. வீட்டார் மெச்சுகிறார்கள்.

ஆறாம் நாள் இரவு எல்லோரும் உறங்கிய பின் அவர் குசினிக்குள் போகிறார். மிஞ்சிய பிட்டைச் சீனி போட்டு உண்கிறார். பிள்ளைகளின் பிஸ்கற் பெட்டி முடிகிறது. சீனிச்சம்பல் போத்தல் அடிவரை வழிக்கப்படுகிறது. விளக்கையும் போடாமல், நின்றபடி, உருசி அறியாமல், வயிறு நோகும்வரை உண்கிறார். பின்பு வெறுங் கடதாசிகளைக் குப்பைக்கு அடியில் புதைத்துவிட்டுப் படுக்கையில் விழுந்து அழுகிறார். விடிந்ததும், “இன்று முழுநாளும் ஒன்றும் உண்ணமாட்டேன், இனி இன்னும் கடுமையாக இருப்பேன்” என்று ஆண்டவருக்கு வாக்குக் கொடுக்கிறார். நான்காம் நாள் மறுபடியும் அதே குசினி, அதே இருட்டு.

பல்கலைக்கழகத்தில் படிக்கும் மகளிடத்திலும் இது நேரலாம். உடற்பயிற்சி நிலையத்துக்குச் செல்லும் வாலிபனிடத்திலும் நேரலாம். குருமடத்திலும் கன்னியர்மடத்திலும் நேரலாம்.

இது போசனப்பிரியம் அன்றோ, தலையான பாவங்கள் ஏழில் ஒன்றன்றோ என்று நீங்கள் கேட்கலாம். அந்தப் பெண்ணும் அப்படித்தான் எண்ணுகிறார். ஆகையினாலேதான் ஒவ்வொரு முறையும் பத்தியத்தை இறுக்குகிறார். ஆனால் நோயைத் தவறாக அறிந்துகொண்டால் மருந்தும் தவறிவிடும். இங்கே கள்ளத் தீனைப் பெற்றெடுக்கும் தாய் அந்தக் கடும் பத்தியமே. இது இன்றைய வைத்தியர்கள் கண்டுபிடித்த புதுமையும் அல்ல.

ஐந்தாம் நூற்றாண்டின் முற்பகுதியில் யோவான் கசியான் என்ற துறவி, தாம் இளமையில் எகிப்தியப் பாலைவனத்திலே முனிவர்களிடம் கேட்டறிந்தவற்றை நூலாக எழுதிவைத்தார். அதன் இரண்டாம் உரையாடலில் மோசே என்னும் முனிவர் விவேகத்தைப்பற்றி விளக்குகிறார். அளவுமீறிய உபவாசமும் அளவுமீறிய தீனும் ஈற்றில் ஒரே இடத்திலேதான் கொண்டுபோய் விடும் என்பது அவருடைய கருத்து. நாளொன்றுக்கு இரண்டு சிறிய உலர்ந்த ரொட்டிகளைப் பிற்பகல் மூன்று மணியளவில் உண்பது அங்கிருந்த ஒழுங்கு. இரண்டும் சேர்ந்து ஓர் இறாத்தல் அளவுகூட வராது. பெஞ்சமின் என்ற துறவிக்கு இந்த ஒழுங்கு பிடிக்கவில்லை. ஒருநாள் முழுவதும் ஒன்றுமுண்ணாமல் இருந்து, மறுநாள் நான்கு ரொட்டிகளையும் ஒருமிக்க வைத்து வயிறு நிறைய உண்பார். பார்ப்பவர்களுக்கு அவர் மற்றவர்களைவிடப் பெரிய தவசியாகத் தோன்றியிருப்பார். உண்மையில் அவர் உபவாசித்தது அந்த இரட்டைப் பங்குக்காகவே. ஈற்றில் அவர் துறவறத்தையே விட்டு உலகத்துக்குத் திரும்பிவிட்டார் என்று கசியான் எழுதுகிறார். மற்றவர்கள் உண்டதும் அதே அளவு ரொட்டிதான் என்பதைக் கவனியுங்கள். ஒவ்வொரு நாளும் உண்டவர்கள் நிலைத்து நின்றார்கள். ஒருநாள் பட்டினியும் ஒருநாள் விருந்துமாக வாழ்ந்தவர் நிலைகுலைந்தார்.

இதையே 1944இல் அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் நடந்த ஒரு பரிசோதனை வேறொரு வகையிலே காட்டிற்று. போரினாற் பட்டினி கிடந்த ஐரோப்பிய மக்களை எவ்வாறு மீண்டும் உணவூட்டித் தேற்றலாம் என்று அறிவதற்காக, அன்சல் கீஸ் என்ற விஞ்ஞானி 36 வாலிபரைத் தெரிந்தெடுத்தார். இவர்கள் மனச்சாட்சியின் பொருட்டு ஆயுதம் ஏந்த மறுத்தவர்கள், தாமாகவே முன்வந்தவர்கள். மனவுறுதியில் இவர்களுக்கு என்ன குறை? 1945இல் 24 கிழமைகளுக்கு வழமையான உணவில் ஏறத்தாழ அரைவாசியே இவர்களுக்குக் கொடுக்கப்பட்டது. உடல் நிறையில் காற்பங்கு குறைந்தது. ஆனால் கவனிக்கத்தக்கது அதுவன்று. சாப்பாட்டைத் தவிர வேறெதையும் அவர்களால் நினைக்க முடியவில்லை. சமையற் புத்தகங்களைத் திரும்பத் திரும்ப வாசித்தார்கள். கோப்பையை நக்கினார்கள். சிலர் கட்டுப்பாடு உடைந்து இரகசியமாக உண்டு, பின்பு தம்மையே வெறுத்தார்கள். பரிசோதனை முடிந்து தாராளமாக உணவு கிடைத்தபோது பலர் வயிறு கொள்ளாத அளவுக்கு உண்டும் பசி தீரவில்லை என்றார்கள். போருக்குப் போக மறுத்துச் சொந்த நாட்டாரின் ஏச்சைத் தாங்கிய திடசித்தமுள்ளவர்களுக்கே இந்நிலை என்றால், அடுப்படியில் நிற்கும் நம் சகோதரியை ‘மனக்கட்டுப்பாடு இல்லாதவள்’ என்று பழிப்பது நீதியாகுமா?

உடம்பைப் படைத்தவர் அதற்கு ஒரு காவலையும் வைத்திருக்கிறார். உணவு குறைந்தால் பஞ்சம் வந்துவிட்டது என்று உடம்பு எண்ணும். பசியைத் தூண்டும் சுரப்புகளைக் கூட்டும். கொழுத்ததையும் இனித்ததையும் கண்முன் கொண்டுவந்து நிறுத்தும். அந்தக் காவலே நம் மூதாதையரைப் பஞ்சங்களினூடே காப்பாற்றியது. இத்தோடு மனமும் தன் பங்குக்கு ஒரு கணக்குப் போடுகிறது. ஒரு பிஸ்கற்றைத் தின்றுவிட்டேன், விரதம் முறிந்துபோயிற்று, நாள் கெட்டதுதான் கெட்டது, இனி முழுவதையும் தின்றால் என்ன, நாளைக்குத் தொடங்கலாம் என்கிறது. 1975இல் வெளியான ஓர் ஆய்விலே, வழமையாகப் பத்தியம் காப்பவர்களுக்கு முதலில் பால் பானம் கொடுத்துவிட்டுப் பின்பு ஐஸ்கிறீம் வைத்தபோது, ஒன்றும் குடியாமல் வந்த பத்தியக்காரரைவிட அவர்கள் கூடுதலாக உண்டார்கள். பத்தியம் காவாதவர்களோ, பானம் குடித்ததால் ஐஸ்கிறீமைக் குறைத்துக்கொண்டார்கள்.

புனித சின்னப்பரும் இதை அறிந்திருந்தார். கொலோசையருக்கு எழுதிய திருமுகத்தின் 2ஆம் அதிகாரத்தை எடுத்து வாசியுங்கள். தொடாதே, சுவைக்காதே என்று அடுக்கப்படும் மனித விதிகள் ஞானம்போலத் தோன்றினாலும் ஊனுடலின் இச்சையை அடக்க உதவமாட்டா என்று அங்கே அவர் எடுத்துரைக்கிறார்.

“சுவாமி, இது வசதியுள்ளவர்களின் வருத்தம். நாங்கள் பட்டினியைப் பார்த்தவர்கள்” என்று சிலர் சொல்லக்கூடும். உண்மைதான். 1990களில் வடபகுதியில் பொருட்தடை இருந்த நாட்களையும், 2022இல் எரிவாயுவுக்கும் பால்மாவுக்கும் வரிசையில் நின்றதையும் நாம் மறக்கவில்லை. ஆனால் பஞ்சம் கண்ட உடம்பு பஞ்சத்தை நினைவில் வைத்திருக்கும் என்பதையும் எண்ண வேண்டும். கோப்பையில் ஒரு பருக்கையும் மிஞ்சவிடாதே என்று வளர்க்கப்பட்ட ஒருவருக்கு, திடீரென்று “அரைவயிறு உண்” என்ற கட்டளை எத்தனை கடினம்! இது பணக்காரர்க்கு மட்டும் உரிய வருத்தமன்று. 2013இல் அமெரிக்க மனநல வைத்தியர் சங்கம் இத்தகைய மீதூண் நிலையைத் தனியொரு நோயாகவே தன் நூலிற் சேர்த்துக்கொண்டது.

அப்படியானால் பாவத்தின் கணக்கு என்ன? சாவான பாவத்துக்கு முழு அறிவும் முழுச் சம்மதமும் வேண்டும் என்று ஞானோபதேச வகுப்பிலே படித்திருக்கிறீர்கள். பயமும் பழக்கமும் மனநிலையின் கோளாறும் மனிதனுடைய பொறுப்பைக் குறைக்கும் என்பதும் திருச்சபையின் போதனையே. ஆகவே அந்த இரவுகளை எண்ணி எண்ணி நற்கருணை வாங்காமற் பின்வரிசையில் நிற்பவர்கள் வீண் பயத்தால் வருந்துகிறார்கள். குருவானவரிடம் ஒருமுறை தெளிவாகக் கதையுங்கள். ஆனால் ‘உத்தரிப்பாக நாளை உபவாசம் இருக்கிறேன்’ என்று மட்டும் நீங்களாகச் சொல்லிக்கொள்ளாதீர்கள். அந்த உபவாசமே அடுத்த வீழ்ச்சிக்கு வித்து.

புனித இஞ்ஞாசியார் 1522இல் மன்றேசாவில் இருந்தபோது, பாவ சந்தேகங்களால் வாட்டப்பட்டு, கடவுள் ஆறுதல் தரும்வரை உண்பதில்லை என்று ஒரு ஞாயிறு முதல் மறு ஞாயிறுவரை ஒன்றும் உண்ணாமலிருந்தார். விஷயமறிந்த ஆத்தும குரு உடனே உணவு உண்ணுமாறு கட்டளையிட்டார். இஞ்ஞாசியார் கீழ்ப்படிந்தார். அக்காலத்துக் கடுந்தவங்களால் கெட்ட வயிறு வாழ்நாள் முழுவதும் அவருக்குத் தொல்லை கொடுத்தது. அதனாற்போலும், 1548இல் பிரான்சிஸ்கு போர்ஜியாவுக்கு எழுதிய கடிதத்தில், உபவாசத்தைக் குறைத்து வயிற்றைத் தேற்றுமாறு அவர் புத்திமதி கூறினார்.

இனி வழியைப் பார்ப்போம். ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வைத்தியர் கிறிஸ்தோபர் பெயர்பேண் பல ஆண்டுகளாக வகுத்த சிகிச்சையின் ஆரம்பப் படிகளில் ஒன்று மிகவும் எளிமையானது. என்ன உண்பது என்பதை முதலில் விட்டுவிடுங்கள். எப்போது உண்பது என்பதை ஒழுங்குபடுத்துங்கள். நாளுக்கு மூன்று வேளை உணவு, இடையில் இரண்டு அல்லது மூன்று சிற்றுணவு. நான்கு மணித்தியாலத்துக்கு மேல் வெறுவயிறாக இருக்கக்கூடாது. பசித்தாலும் பசிக்காவிட்டாலும் நேரம் வந்தால் உண்ண வேண்டும். இதை வாசித்தபோது நமக்குச் சிரிப்பே வந்தது. காலைச் சாப்பாடு, பத்து மணித் தேநீர், மதியச் சோறு, நாலு மணித் தேநீரோடு ஏதாவது கடி, இரவுக்கு இடியப்பமோ பிட்டோ என்று நம் அம்மம்மாமார் வைத்திருந்த ஒழுங்கும் இதுதானே!

முதல்நாள் இரவு எவ்வளவு உண்டிருந்தாலும் மறுநாட் காலைச் சாப்பாட்டைத் தவறவிடாதீர்கள். இந்த ஒன்றே சக்கரத்தின் அச்சு. இதை இழுத்துவிட்டால் சக்கரம் உருளாது. காலையில் உண்ண மனம் கூசும். கூசினாலும் ஒரு துண்டுப் பாணும் பருப்பும் உண்ணுங்கள். உண்பதை ஒரு கொப்பியில் நேரத்தோடு எழுதிவையுங்கள். தண்டனைக் கணக்காக எழுதாதீர்கள், எந்த வேளையில் மனம் தளர்கிறது என்று அறிவதற்காக எழுதுங்கள். பெரும்பாலும் அதற்கு முன் ஒரு வேளை தவறியிருக்கும், அல்லது ஒரு சண்டை நடந்திருக்கும். நிறை பார்ப்பது கிழமைக்கு ஒருமுறை போதும். சில கிழமைகளில் இரவுகள் அமைதியடைந்த பின், விலக்கிவைத்த பண்டத்தைப் பகலிலே, மேசையிலே, கோப்பையில் வைத்து, மற்றவர்களோடு உண்ணுங்கள். ஒரு துண்டுக் கேக் பகலில் உண்ணப்பட்டால் அது வெறும் கேக்தான். இருட்டில் மட்டும் உண்ணப்படும்போதுதான் அது பெரும் பூதமாகிறது.

கிளினிக்கில் சொன்னதை மறந்துவிடலாமா என்றால், இல்லை. தேநீருக்கு இரண்டு கரண்டிச் சீனி போடுபவர் ஒன்றாக்கலாம். வெள்ளையரிசிக்குப் பதில் சிவப்பரிசி, மாலையில் அரைமணி நேர நடை, இவை போதுமான தொடக்கம். மெதுவாகச் செய்வது நிலைக்கும். சலரோகத்துக்குக் குளிசை எடுப்போரும் இன்சுலின் போடுவோரும் வைத்தியரைக் கேளாமல் ஒருவேளை உணவையேனும் விடக்கூடாது. சீனி திடீரென இறங்கினால் உயிராபத்து. உண்டதை வேண்டுமென்று வாந்தியெடுப்பவர்களும், பேதிக் குளிசை எடுப்பவர்களும், வாழ்வே வேண்டாமென்று எண்ணுபவர்களும் செபத்தோடு மட்டும் நின்றுவிட வேண்டாம். உடனே வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குச் செல்லுங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தையும் அழைக்கலாம். எலியாஸ் தீர்க்கதரிசி சாக விரும்பிச் செடியின்கீழ்ப் படுத்தபோது, சம்மனசு அவரைக் கண்டிக்கவில்லை. சுட்ட அப்பமும் தண்ணீரும் கொடுத்து, உறங்கவிட்டு, மறுபடியும் எழுப்பி உண்ணச் சொன்னார்.

தபசுகாலக் கடமையைப்பற்றியும் சொல்லிவிடுகிறோம். 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின்படி ஒருசந்தி நாட்கள் விபூதிப் புதனும் பெரிய வெள்ளியும் மட்டுமே. 18 வயது நிறைந்தவர்கள் முதல் 60ஆம் வயதைத் தொடங்கும்வரை உள்ளவர்களுக்கே அது கடமை. அன்றுங்கூட ஒரு முழு உணவும் காலையிலும் மாலையிலும் சிறிதளவு உணவும் கொள்ளலாம். நோயாளருக்குக் கட்டாயமில்லை. மேலே சொன்ன துன்பத்தில் இருப்பவர் நோயாளரே. அவர் தம் பங்குக் குருவைக் கேட்டு வேறொரு ஒறுத்தலைக் கைக்கொள்ளலாம். இரவு பத்து மணிக்குமேல் தொலைபேசியை ஒதுக்கிவைத்தல், கதையாதிருந்த மச்சாளோடு கதைத்தல், இவையும் சுலபமான தவங்கள் அல்லவே! புனித ஆசீர்வாதப்பர் தம் ஒழுங்கு நூலில், தபசுகாலத்தில் எதை ஒறுக்கப்போகிறேன் என்று ஒவ்வொரு துறவியும் மடாதிபதிக்குச் சொல்லி அனுமதி பெற வேண்டும் என்று விதித்தார். தானே தனக்கு விதித்துக்கொள்ளும் தவத்தை அவர் நம்பவில்லை.

குடும்பத்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. வீட்டில் பிஸ்கற் குறைவதைக் கண்டால் பகிடி பண்ணாதீர்கள், எண்ணிக் கணக்கெடுக்காதீர்கள், அலுமாரியைப் பூட்டாதீர்கள். “நல்லாய் மெலிஞ்சிட்டியள்” என்ற மெச்சுதலும் வேண்டாம். நம் வீடுகளில் அம்மா எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, கடைசியில், அடுப்படியில் நின்றபடி மிஞ்சியதை உண்பதையே பெருமையாக நினைக்கிறோம். இந்தத் தபசுகாலத்தில் அவருக்கும் மேசையில் ஒரு கதிரை போடுங்கள். அவர் வந்து அமர்ந்த பின்பே செபம் சொல்லித் தொடங்குங்கள். உயிர்ப்பு ஞாயிறன்று கேக் வெட்டும்போது அவருக்கும் ஒரு துண்டு வையுங்கள். உண்டால் உண்ணட்டும், போதும் என்றால் விட்டுவிடுங்கள்.